அரியலூர் மண்ணில் பூமியின் காலண்டர்!

சிவகாசியில் தயாராகும் சங்குச் சக்கரத்தைப் பார்க்காத குழந்தை உண்டா? மருந்து அடைத்த காகிதக் குழாயை வட்டமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். நடுவில் சின்ன வளையம். வெளியே வர வரப் பெரிய வளையம்.

அதே வடிவத்தில் ஒரு கல் இருக்கிறது. அதை மனிதன் செய்யவில்லை. மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அது உருவாகி விட்டது.

விருதுநகரில் சென்னை ரெயில் ஏறினால் மதுரை, திருச்சியைத் தாண்டி அரியலூர் வரும். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில்தான் இந்தக் கற்கள் கிடைக்கின்றன. இவற்றின் பெயர் "அம்மோனைட்".

கிடாக் கொம்பு

அம்மோனைட் கடலில் வாழ்ந்த ஒரு பிராணி. பழைய எகிப்து நாட்டில் அம்மோன் என்ற தெய்வத்துக்குக் கிடாக் கொம்பு உண்டு. இந்தப் பிராணியின் ஓடும் அந்தக் கொம்பு போலவே சுருண்டு இருந்தது. அதனால் இந்தப் பெயர் வந்தது.

பார்ப்பதற்கு நத்தை போல இருக்கும். ஆனால் நத்தை இனம் அல்ல. மீன் கடையில் விற்கிறதே கணவாய், அதற்குத்தான் இது நெருங்கிய சொந்தம்.

ஓட்டின் உள்ளே வரிசையாகச் சிறு சிறு அறைகள் இருந்தன. பிராணி வளர வளர, முன்னால் புது அறை கட்டிக் குடி போகும். பின்னால் சுவர் எழுப்பிப் பழைய அறையை அடைத்து விடும். காலியான அறைகளில் வாயு நிறைந்திருக்கும். அதன் உதவியால் அது கடலில் மிதந்து திரிந்தது.

சில அம்மோனைட்டுகள் காசு அளவே இருந்தன. 1895-ல் ஜெர்மனியில் கிடைத்த ஒன்றோ, ஆறு அடிக்குச் சற்றுக் குறைவான அகலம்!

இந்த இனம் தோன்றியது சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அழிந்தது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது ஏறத்தாழ 10 கிலோ மீட்டர் அகலம் உள்ள ஒரு விண்கல், இன்றைய மெக்சிகோ நாட்டின் கரையோரத்தில் வந்து மோதியது. டைனோசர்கள் மாண்ட அதே காலத்தில் அம்மோனைட்டும் மாண்டது.

கடல் வந்த கதை

கடல் பிராணிக்கு அரியலூரில் என்ன வேலை?

ஒரு காலத்தில் இந்தியா, ஆஸ்திரேலியாவோடும் அண்டார்டிகாவோடும் ஒட்டி இருந்தது. பிறகு பிரிந்தது. பிரிந்த இடத்தில் கடல் புகுந்தது. இன்றைய அரியலூர் கடலுக்கு அடியில் போனது. செத்த பிராணிகளின் ஓடுகள் சேற்றில் புதைந்தன. சேறு இறுகிக் கல்லாயிற்று. பின்பு கடல் பின்வாங்கியது.

சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டையில் 2022-ல் அகழாய்வு தொடங்கியது. அங்கே சங்கு வளையல்கள் கிடைத்தன. அந்தச் சங்கை மனிதர்கள் கடற்கரையில் இருந்து கொண்டு வந்தார்கள். அரியலூருக்குச் சிப்பியை யாரும் கொண்டு வரவில்லை. கடலே வந்து போட்டு விட்டுப் போனது!

நேபாளத்தில் கண்டகி நதியில் சாளக்கிராமம் கிடைக்கிறது. பல சாளக்கிராமங்களில் காணும் சக்கரம், அம்மோனைட் ஓடு பதிந்த தடமே என்பது விஞ்ஞானிகளின் முடிவு. அந்த நதிக்கரைப் பகுதியில் உள்ள முக்திநாத், ஸ்ரீவில்லிபுத்தூரைப் போலவே 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இமயமலை இருக்கும் இடமும் முன்பு கடலாக இருந்தது என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

டைனோசர் முட்டையா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு பரபரப்பு. குளத்தில் மண் அள்ளும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்ற செய்தி செல்போன் மூலம் நாடு முழுவதும் பரவியது.

நிபுணர்கள் பார்த்தார்கள். அவை முட்டைகள் அல்ல. அம்மோனைட் ஓட்டைச் சுற்றிச் சேறும் தாதுப் பொருளும் படிந்து உருண்டையான கற்கள் என்று சொன்னார்கள்.

முட்டை இல்லை என்று தெரிந்ததும் பலருக்கு ஏமாற்றம். ஆனால் அம்மோனைட் அற்பமான பொருள் அல்ல.

தேதித் தாள்

சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை நினைத்துப் பாருங்கள். பாறை அடுக்குகள் அதன் தாள்கள். அம்மோனைட், தாளில் அச்சான தேதி.

அது எப்படி? ஒவ்வொரு வகை அம்மோனைட்டும் பூமியின் கணக்கில் கொஞ்ச காலமே வாழ்ந்தது. அது போனதும் வேறு வகை வந்தது. எனவே பாறையில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பாறையின் காலம் தெரிந்து விடும். அரியலூரில் கிடைத்த சில வகைகளுக்கு மடகாஸ்கர் தீவிலும் இனத்தார் உண்டு. இரண்டு ஊர்ப் பாறைகளையும் ஒப்பிட இது உதவுகிறது.

1840-களில் கே, கன்லிப் என்ற இரு வெள்ளைக்காரர்கள் தென்னாட்டுச் சிப்பிக் கற்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். 1860-களில் ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர் இவற்றைப் பற்றிப் பெரிய நூல் தொகுதிகள் எழுதினார். அன்று முதல் உலக விஞ்ஞானிகள் இந்த மண்ணைத் தேடி வருகிறார்கள்.

சிமெண்டும் சிப்பியும்

கடல் விட்டுப் போன சுண்ணாம்புக் கல்தான் அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குத் தீனி. வீடு கட்டச் சிமெண்டு வேண்டும். ஆலைகளால் பல ஆயிரம் குடும்பங்கள் பிழைக்கின்றன. இது விருதுநகர் மாவட்ட மக்களுக்குத் தெரியாதது அல்ல. ஆலங்குளத்தில் 1970-ல் அரசு சிமெண்டு ஆலை ஏற்பட்டது. அதே அரசு நிறுவனம் 1979-ல் அரியலூரிலும் ஆலை தொடங்கியது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. விருதுநகர் மாவட்டத்துச் சுண்ணாம்புக் கல் மிக மிகப் பழையது. பூமிக்குள் வெந்து உருமாறியது. அதில் ஓடு கிடைக்காது. அரியலூர்க் கல்லிலோ ஓடுகள் ஏராளம். அங்கே கல்லை அரைக்கும்போது காலண்டரும் சேர்ந்து அரைபடுகிறது.

சுரங்கத்தைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. சுரங்கம் வெட்டியதால்தான் பல அடுக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. வெட்டிய பிறகு பார்க்க ஆள் வேண்டும் என்பதே பிரச்சினை.

பாதுகாக்க முடியும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன 18 மீட்டர் நீள மரத்துக்கு வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. இத்தகைய இடங்களைக் காக்க மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு சட்ட வரைவையும் வெளியிட்டது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். புதிய அடுக்கை உடைக்கும் முன் கல்லூரி மாணவர்களையும் நிபுணர்களையும் அழைத்துக் காட்டலாம். நல்ல கற்களைப் பொறுக்கி எடுத்து, கிடைத்த இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்தில் சேர்க்கலாம். இதனால் ஆலையின் வேலை நின்று விடாது.

காலண்டரில் தாளைக் கிழிப்பது தவறல்ல. தேதியைப் பார்க்காமல் கிழித்துப் போடுவதுதான் தவறு. வீட்டுக் காலண்டர் தீர்ந்தால் சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கு வேறு அச்சடிப்பார்கள். இந்தக் காலண்டரை மறுபடி அச்சடிக்க எந்த அச்சகமும் இல்லை!