அதிகாரப் பகிர்வு: தடையா, காவலா?

அரசாங்கம் விரைந்து முடிவெடுக்க வேண்டும் என்பது பலரின் எதிர்பார்ப்பு. ஒருவரே முடிவெடுத்தால் வேலை உடனே நடக்கும். பலரைக் கேட்டு நடந்தால் இழுபறிதான் மிஞ்சும் என்று அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அந்த இழுபறிக்கும் ஒரு பயன் இருக்கிறது என்பதை அமெரிக்க வரலாற்றில் நடந்த ஒரு நிகழ்வு உணர்த்துகிறது.

1787ஆம் ஆண்டு பிலடெல்ஃபியா நகரில் கூடிய அமெரிக்கத் தலைவர்கள், தங்கள் நாட்டுக்கான அரசமைப்புச் சட்டத்தை வகுத்தனர். பிரிட்டிஷ் மன்னரின் ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எனவே, எல்லா அதிகாரத்தையும் ஒருவரிடமே ஒப்படைக்க அவர்கள் விரும்பவில்லை. தேசிய அரசாங்கத்தின் அதிகாரத்தை மூன்று துறைகளுக்குப் பகிர்ந்தளித்தனர். செனட் சபை, பிரதிநிதிகள் சபை ஆகிய இரண்டும் சேர்ந்த காங்கிரஸ், சட்டங்களை இயற்றுகிறது. அரசாங்கச் செலவுக்குப் பணத்தையும் ஒதுக்குகிறது. அதிபரின் தலைமையில் இயங்கும் நிர்வாகத்துறை அச்சட்டங்களைச் செயல்படுத்துகிறது. உச்ச நீதிமன்றத்தின் தலைமையிலான நீதித்துறை, சட்டங்களுக்கு விளக்கம் அளித்து வழக்குகளில் தீர்ப்பு வழங்குகிறது.

நாடாளுமன்ற முறையில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலிருந்தே வருகின்றனர். அமெரிக்காவிலோ அதிபருக்கும் காங்கிரஸுக்கும் தனித்தனியே தேர்தல் நடைபெறுகிறது. இவ்வாறு பிரிந்திருக்கும் துறைகள் ஒன்றையொன்று கண்காணிக்கவும் செய்கின்றன. காங்கிரஸ் நிறைவேற்றும் மசோதாவை அதிபர் நிராகரிக்கலாம். ஆனால், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் மீண்டும் நிறைவேற்றினால் அது சட்டமாகிவிடும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை அதிபர் முன்மொழிந்தாலும், செனட் சபையின் ஒப்புதல் இன்றி அவர்கள் பதவியேற்க இயலாது.

இம்முறை 1952இல் ஒரு கடுமையான சோதனையைச் சந்தித்தது. அப்போது அமெரிக்கப் படைகள் கொரியப் போரில் ஈடுபட்டிருந்தன. உள்நாட்டிலோ, எஃகு ஆலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்திற்குத் தயாராகினர். எஃகு இல்லையென்றால் ஆயுத உற்பத்தி பாதிக்கப்படும் என்று அதிபர் ஹேரி ட்ரூமன் அஞ்சினார். ஏப்ரல் 8ஆம் தேதி, ஆலைகளை அரசாங்கம் கையகப்படுத்த வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். ஆலை உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

ஜூன் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காங்கிரஸின் அனுமதியின்றித் தனியார் ஆலைகளைக் கையகப்படுத்த அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று ஒன்பது நீதிபதிகளில் அறுவர் கூறினர். அந்த அறுவரில் இருவர் ட்ரூமனே நியமித்தவர்கள். தங்களுக்குப் பதவி வழங்கியவர் என்பதற்காக அவர்கள் அவர் பக்கம் சாயவில்லை.

ட்ரூமனின் நோக்கம் தன்னலமானது அன்று. போர்முனையில் இருந்த வீரர்களை எண்ணியே அவர் அம்முடிவை எடுத்தார். இந்நிகழ்வின் முக்கியத்துவமே அதில்தான் இருக்கிறது. தீய நோக்கம் கொண்டவரைத் தடுக்க வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்றுக்கொள்வர். ஆனால், ஒருவர் நல்ல நோக்கத்திற்காக வரம்பை மீறும்போது அதை அனுமதித்தால், பின்னால் வருபவரும் அதையே காரணம் காட்டுவார். அப்போது வேலியே பயிரை மேயும் நிலை ஏற்படும்.

இம்முறைக்கு விலையும் உண்டு. தீர்ப்புக்குப்பின் தொடங்கிய வேலைநிறுத்தம் 50 நாள்களுக்கும் மேல் நீடித்தது. அண்மைக் காலத்திலும், எல்லைச் சுவருக்கு நிதி ஒதுக்குவதில் அதிபரும் காங்கிரஸும் உடன்படாததால், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை அரசாங்கத்தின் ஒரு பகுதி 35 நாள்கள் முடங்கியது. ஏறத்தாழ 800,000 ஊழியர்கள் உரிய நேரத்தில் சம்பளம் பெறாமல் தவித்தனர். அவர்களின் துன்பத்தைச் சிறிதென்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அதற்குத் தீர்வு தலைவர்கள் பேசி உடன்பாடு காண்பதே தவிர, ஒருவரிடம் எல்லா அதிகாரத்தையும் கொடுப்பது அன்று. பதறாத காரியம் சிதறாது என்பது ஆட்சிக்கும் பொருந்தும்.

உச்ச நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. எனினும், தீர்ப்பு வந்த அன்றே ஆலைகளை உரிமையாளர்களிடம் திருப்பித் தருமாறு ட்ரூமன் உத்தரவிட்டார். தீர்ப்பை அவர் விரும்பவில்லை. ஆனால், அதற்குக் கட்டுப்பட்டார். அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்க ஒரு சட்டம் போதும். அப்பகிர்வு நிலைத்திருக்க, தமக்கு எதிரான முடிவையும் மதிக்கும் தலைவர்களும், அதை அவர்களிடம் எதிர்பார்க்கும் மக்களும் தேவை.