ஒரு கை தட்டைப்பயறு



ஆடிப்பட்டம் நெருங்குகிறது. மானாவாரிக் காட்டில் சோளத்துக்கு ஊடே தட்டைப்பயறு விதைக்கிறவர்கள் இந்நேரம் விதைப்பானையைக் கீழே இறக்கியிருப்பீர்கள். ஒரு கை அள்ளித் தாம்பாளத்தில் பரப்பிப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, கருப்பு, புள்ளி விழுந்தது, கண்ணைச் சுற்றி மட்டும் கருவளையம் கட்டியது என்று பலதும் கலந்து கிடக்கும். வியாபாரி அதைக் கலப்படம் என்று விலையைக் குறைப்பார். எனக்கு அது சொத்து.

தட்டைப்பயறு பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் பயிர். நிறம் பிரித்துத் தனித்தனிச் சாலில் விதைத்தால் ஒவ்வொன்றும் தன் குணத்தைக் காட்டிவிடும். எது முந்திப் பூக்கிறது, எதில் அசுவினி அப்புகிறது, ஒரு நெற்றில் எத்தனை மணி, நூறு விதை என்ன எடை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி நிலையங்களிலும் இவற்றைத்தான் குறிக்கிறார்கள். வம்பன் 1, கோ 7 போன்ற ரகங்கள் இந்தச் சோதனைகளில் தேறி வந்தவை. அவற்றின் அருமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

என் ஆதங்கம் வேறு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற ஒரே கேள்வியோடு நாட்டு விதையை ஒதுக்கிவிடுகிறோம். வீட்டுப் பெண்கள் கேட்கிற கேள்விகளை யார் குறித்துக்கொள்கிறார்கள்? கத்தரிக்காய்க் குழம்பில் சீக்கிரம் வேகுமா? காரடையான் நோன்பு அடையில் குழையாமல் நிற்குமா? மாட்டுக்குக் கொடி மிஞ்சுமா? சாம்பல் கலந்து வைத்தால் அடுத்த ஆடிவரை வண்டு விழாமல் இருக்குமா?

கடைசிக் கேள்வி சின்ன விஷயமில்லை. பயறு வண்டு விதையின் தோலில் ஊசிமுனை அளவு வெள்ளை முட்டையை ஒட்டிவைக்கும். புழு நேரே உள்ளே துளைத்துப் போய்த் தின்று வளர்ந்து, வட்டமான ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் 15,000-க்கும் மேற்பட்ட தட்டைப்பயறு மாதிரிகளைக் காத்துவருகிறது. அங்கே தேடியபோது, அந்தப் புழு வளரத் திணறியது டிவியு 2027 என்ற நாட்டு விதையில். ஆப்பிரிக்காவில் தட்டைப்பயற்றின் வேரை உறிஞ்சி அழிக்கும் ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களைக்கு எதிர்ப்பைத் தந்ததும் போட்ஸ்வானா விவசாயிகளின் பி301 என்ற நாட்டு ரகம்தான். இந்த விதைகளைக் காத்துவந்த குடும்பங்கள் விளைச்சல் கணக்கை மட்டும் பார்த்து விதையை மாற்றியிருந்தால் விஞ்ஞானிகள் எங்கே போய்த் தேடியிருப்பார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டத்தில் உங்கள் நாட்டுத் தட்டைப்பயற்றையும் கடையில் வாங்கிய ரகத்தையும் ஒரே காட்டில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்துச் சாலில் விதைத்துப் பாருங்கள். பூத்த நாள், பறித்த தடவை, காய்ந்த மணியின் எடை, குழம்பின் ருசி எல்லாவற்றையும் எங்களுக்கு எழுதுங்கள். ஊரையும் மண்ணையும் சொல்ல மறக்காதீர்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறுவதால் விதையின் படமும் அவசியம். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் மணியின் அளவு தெரியும்.

அன்புடன்,
ஆசிரியர்