படியின் கீழ் ஒரு பெட்டகம்

சிறிய வீட்டில் வாழ்வோருக்கே இடத்தின் அருமை நன்கு தெரியும். பெரிய மாளிகையில் ஓர் அறை முழுவதும் வெறுமையாகக் கிடந்தாலும் அதனை எவரும் பொருட்படுத்தார். சிறு வீட்டிலோ ஒரு முழ இடமும் ஏதேனும் ஒரு பணிக்கு உதவ வேண்டும். சுவரில் மாடம் வைத்ததும், கூரையின் கீழ்ப் பரண் அமைத்ததும், வளையில் உறி தொங்கவிட்டதும் இத்தேவையை அறிந்த நம் முன்னோரின் சிக்கனமேயாகும். ஆயினும் நாள்தோறும் நாம் மிதித்துச் சென்றும் நம் கண்ணிற் படாத இடம் ஒன்று பல வீடுகளில் உண்டு. வீட்டினுள் அமைந்த படியின் உட்புறமே அது. அதனைப் பயன்படுத்தும் வகையையும், அதனுள் எவற்றை வைக்கலாம், எவற்றை வைத்தலாகாது என்பவற்றையும் இவ்வாரம் ஆராய்வோம்.

இக்கலையில் மேலைநாட்டு வீட்டுவண்டிக்காரர் கைதேர்ந்தவர். மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் அவ்வண்டிகளில் படுக்கை, சமையல், குளியல் யாவும் ஒரு சிறு கூட்டினுள் அடங்கிவிடும். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் வீட்டுவண்டி என்று பலராலும் சொல்லப்படுவது, கடற்படை மருத்துவராயிருந்து எழுத்தாளரான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் செய்யப்பட்டதாகும். அதனை இழுத்தவை இரண்டு குதிரைகள். பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகியபோது இவ்வண்டிகளும் பெருகின.

இவ்வண்டிகளின் உட்தளம் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாயிருப்பதில்லை. சில்லுகளின் மேலும், தண்ணீர்த் தாங்கியின் மேலும், படுக்கை மேடையின் அருகிலும் தளம் சற்று உயர்ந்திருக்கும். அங்கே ஏறுவதற்கு ஒன்றிரண்டு படிகள் வேண்டும். அப்படிகளை வெறும் பலகைக் கூடாக விடாமல், மேற்பலகைக்குப் பிணைச்சல் பூட்டி மூடியாக்கினர். மூடியைத் தூக்கினால் உள்ளே சப்பாத்தும் கயிறும் கருவிகளும் வைக்கும் பெட்டி. மூடினால் மீண்டும் படி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஒரு பெட்டி இருப்பதே தெரியாது.

ஓடும் வண்டிக்கென்று சில விதிகளும் உள. பாரமான பொருள்கள் தாழ்வாகவும் அச்சுக்கு அண்மையிலும் இருத்தல் வேண்டும். பின்கோடியில் பாரத்தை ஏற்றினால் விரைந்து செல்லும்போது வண்டி இருபுறமும் ஆடத் தொடங்கி, இழுக்கும் வாகனத்தையும் தன்னோடு ஆட்டிவிடும். பாதை குலுக்கும்போது திறவாதபடி ஒவ்வொரு மூடிக்கும் கொளுக்கியும் வேண்டும். நம் மாட்டுவண்டிக்காரரும் இவ்விதியை அறியாதவர் அல்லர். தட்டின் கீழே அச்சை ஒட்டிச் சாக்கைத் தூளிபோற் கட்டி வைக்கோலை அதனுள் வைத்துச் சென்றனர். இடமும் மிஞ்சியது, மாட்டுக்கு உணவும் மறைவாக உடன் வந்தது.

நிலையான வீட்டிலும் இம்முறை பழமையானதே. 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்து ஜப்பானில், நகரத்து வணிகர் தம் ஒடுங்கிய வீடுகளில் மாடிப்படியையே அலுமாரியாகச் செய்தனர். ஒவ்வொரு படியின் கீழும் பக்கவாட்டில் லாச்சியோ சிறு கதவோ இருக்கும். படியாகவும் பண்டசாலையாகவும் ஒரே மரவேலை இரட்டைப் பணி செய்தது. அத்தகைய படியலுமாரிகள் இன்று கலைப்பொருளாகப் போற்றப்படுகின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியில், வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே அமைந்த கடற்கரைக் கிராமம் கதிரவெளி. பெருங்கற்கால மக்களின் ஈமச் சின்னங்கள் காணப்பட்ட பழம்பதி அது. கிழக்கே கடல், வடக்கே மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலிற் கலக்கின்றது. மாரி காலத்தில் ஆற்றுவெள்ளம் பெருகினால் அப்பகுதி முழுவதும் நீரால் சூழப்படும். இத்தகைய ஊர்களில் வீட்டைச் சிறிதாகக் கட்டினும் உள்ளறையின் தரையையாவது உயர்த்திக் கட்டுவதே அறிவுடைமை. தரை உயர்ந்தால் படி வேண்டும். படி வந்தால் அதன் கீழே இடமும் வரும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் ஒரு வீட்டுக்கு 500 சதுர அடியே குறைந்த அளவாக வகுக்கப்பட்டது. அத்தகைய வீட்டில் நான்கைந்து பேர் வாழும்போது படியின் கீழுள்ள இடத்தையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

விறாந்தையிலிருந்து உள்ளறைத் தரை 21 அங்குலம் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். 7 அங்குல உயரத்தில் ஒரு படி, 14 அங்குல உயரத்தில் மற்றொரு படி, அடுத்து அறைத்தரை. படி ஒவ்வொன்றும் 10 அங்குல ஆழமும் 36 அங்குல நீளமும் உடையது. சீமெந்தினாற் கட்டாமல் ஓரங்குலப் பலகையினால் இரண்டையும் பெட்டியாகச் செய்தால் எவ்வளவு இடம் கிடைக்கும்? மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மூடியும் அடிப்பலகையும் பக்கப்பலகைகளும் கொள்ளும் இடத்தைக் கழித்தால், கீழ்ப்பெட்டியின் உள்ளளவு 34 அங்குல நீளம், 9 அங்குல ஆழம், 5 அங்குல உயரம். மேற்பெட்டிக்கு உயரம் மட்டும் 12 அங்குலம். பெருக்கிக் கூட்டினால் 5,202 கன அங்குலம் வரும். ஒரு லீற்றர் ஏறத்தாழ 61 கன அங்குலம் ஆதலால், மொத்தம் 85 லீற்றர் கொள்ளளவு. 20 லீற்றர்த் தண்ணீர்க் கொள்கலன் நான்கின் அளவான இடத்தை நாம் இதுகாறும் மிதித்துக்கொண்டே இருந்திருக்கின்றோம்!

செய்யும் முறையிற் கவனிக்க வேண்டியவை சில. மூடி நான்கு புறமும் சட்டத்தின்மேல் அமர்ந்திருத்தல் வேண்டும். 36 அங்குல நீளப் பலகை நடுவில் வளையக்கூடுமாதலால் நடுவிலும் ஒரு தாங்குகட்டை தேவை. பிணைச்சலைப் பின்புறத்திற் பூட்டுக. முன்புறத்திற் பூட்டினால் மூடி நம்மை நோக்கித் திறந்து வழியை மறிக்கும். கைப்பிடி வெளியே நீட்டி நின்றால் கால் தடுக்கும். எனவே பலகையிலேயே இரண்டு விரல் நுழையும் துளை இடுதல் போதும். குழந்தைகள் உள்ள வீட்டில், திறந்த மூடி தானே விழுந்து விரலை நசுக்காதபடி பக்கத்தில் ஒரு தாங்குகோல் இருக்கட்டும். படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு தீட்டினால் முதியோர் மாலை வெளிச்சத்திலும் தடுமாறமாட்டார்.

மூடி வைப்பதா, லாச்சி வைப்பதா என்ற கேள்வி எழலாம். என்றோ ஒருநாள் எடுக்கும் பொருளுக்கு மூடியே போதும், செலவும் குறைவு. அன்றாடம் எடுக்கும் பொருளாயின் முன்பக்கம் இழுக்கும் லாச்சியே நன்று. ஒருவர் படியில் அமர்ந்திருக்கும்போதும் அதனைத் திறக்கலாம்.

மரத்தில் முதிரையும் பாலையும் உறுதியானவை, விலையோ அதிகம். வேம்பும் தகும். எம்மரமாயினும் பெட்டியின் அடிப்பலகை நிலத்தில் நேராகப் படுதலாகாது. சிறு கற்களின் மேல் ஓரங்குலம் உயர்த்தி வைத்தால் ஈரமும் கறையானும் எளிதில் ஏறா; ஏறினும் கறையானின் மண்கோடு கண்ணுக்குத் தெரியும். அந்த ஓரங்குலத்தைக் கீழ்ப்பெட்டியின் முதல் உயரத்தில் முன்னரே அடக்கிக்கொள்க; இன்றேல் முதற்படி மட்டும் உயர்ந்து கால் இடறும். இரு பக்கப் பலகைகளிலும் காற்றுத் துளைகள் இட்டு, அவற்றுக்கு நுண்ணிய கம்பிவலை அடித்தல் வேண்டும். துளை இல்லையெனின் பூஞ்சணம் பிடிக்கும். வலை இல்லையெனின் எலி புகும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மாதம் ஒருமுறை யாவற்றையும் வெளியில் எடுத்து வெயில் காட்டுதல் நன்று.

இனி, எவற்றை இப்பெட்டியில் வைக்கலாம்? சுத்தியல், மண்வெட்டித்தகடு, கயிறு, படங்குத்துணி, பழைய சப்பாத்து, அதிகம் வழங்காத பாத்திரம் போன்ற நனைந்தாலும் கெடாத பொருள்களுக்கு இது சிறந்த இடம். மண்ணெண்ணெய், பெற்றோல், பூச்சிமருந்து ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. தீப்பிடித்தால் நாம் வெளியே ஓட வேண்டிய வழியே படிதான். மருந்து வகைகளும் இங்கு ஆகா. குழந்தையின் கைக்கு எட்டும் உயரம் இது.

பலர் இங்கேதான் தவறுகின்றனர். மறைவான இடம் ஒன்று கிடைத்தவுடன் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், நகை ஆகிய அரிய பொருள்களை அங்கே வைக்கவே மனம் விரும்புகின்றது. கள்வன் கண்ணுக்கு மறைந்த இடம் ஆபத்துக்கும் மறைந்த இடம் என்று எண்ணிவிடுகின்றோம். கள்வன் தேடிக் காண வேண்டும்; வெள்ளம் தேடுவதில்லை. அது வீட்டினுள் நுழைந்தவுடன் முதலில் நிரப்புவது படியின் கீழுள்ள பெட்டியைத்தான்.

கிழக்குக் கரை மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1957 டிசெம்பரிற் பெருவெள்ளம். 1978 நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளி. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை. கதிரவெளிக்கு அதன்மேலும் ஒரு துயரம் நேர்ந்தது. போர்க்காலத்தில், 2006 நவம்பர் 8 ஆம் நாள், அவ்வூர்ப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அப்பகுதி மக்கள் உடுத்த துணியோடு வெளியேற நேர்ந்தது. அத்தகைய வேளையில் மூடியைத் திறந்து, மேலே கிடக்கும் பொருள்களை அகற்றி, அடியில் ஒளித்த பத்திரத்தைத் தேட நேரம் கிடையாது. உயிரல்லவா முதலிற் காக்கப்பட வேண்டியது!

பத்திரம் என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். மட்டக்களப்பு மக்களின் வழமையில் அதற்குத் தனிக் கனம் உண்டு. அங்கே வீடும் வளவும் பெரும்பாலும் தாய்வழியாக மகளுக்கு வரும். மணம் முடித்தபின் மாப்பிள்ளை மனைவியின் வீட்டில் வந்து வாழ்வான். ஆகவே வீட்டின் உறுதி பல குடும்பங்களிற் பெண்ணின் பெயரிலேயே இருக்கும். ஆழிப்பேரலைக்குப் பின் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆணின் பெயருக்கே உரிமை எழுதப்பட்ட இடங்கள் உண்டு. தாய் கொடுத்த மண்ணின் உரிமை மகளின் கையைவிட்டுப் போவதைக் கண்டு, பெண்கள் அமைப்புகள் கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமை வேண்டும் எனக் குரல் எழுப்பின. உரிமை எவருடையது என்று கேள்வி எழும் நாளில், வாய்ச்சொல்லைவிடக் கையிலுள்ள பத்திரமே வலிமையுடையது.

ஆதலால் பத்திரங்களுக்குரிய இடம் படியின் அடியன்று. கதவருகே, தலைக்குமேல், ஒரே வீச்சில் எடுத்துத் தோளில் மாட்டக்கூடிய ஒரு பை. தண்ணீர் புகாத உறையிலிட்டு, அடையாள அட்டைகள், பிறப்பு விவாகச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அதில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிரதி எடுத்து, வேறூரில் வாழும் உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்தல் மேலும் நன்று. கைத்தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினாலும் உதவும்.

முன்னரே தொலைத்துவிட்டவர் மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதி முடிக்கும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்திற் சேர்கின்றது. அங்கே விண்ணப்பித்துச் சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். பிறப்பு, விவாகம் ஆகியவற்றின் பிரதிகளையும் அரச காணி அனுமதிப்பத்திரம் பற்றிய விபரத்தையும் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். உறுதியின் இலக்கத்தையும் திகதியையும் நொத்தாரிசின் பெயரையும் தனியாகக் குறித்து வைத்திருந்தால் தேடுவது எளிதாகும்.

படியின் கீழ் நகையோ பணமோ வைக்கத்தான் வேண்டும் என்போருக்கும் ஒரு சொல். அவ்விடத்தை ஒருவர் மட்டும் அறிந்திருத்தல் கூடாது. இடம்பெயர்ந்த காலத்தில் மண்ணிற் புதைத்துவிட்டுச் சென்ற பொருளின் இடம், புதைத்தவர் திரும்பாமையால் எவருக்கும் தெரியாமற் போன கதைகள் நம் நாட்டில் உண்டு. வீட்டில் வளர்ந்தோர் இருவராவது அறிந்திருத்தல் வேண்டும். அவ்விருவரில் ஒருவர் வீட்டுத் தலைவியாயிருத்தல் மிகப் பொருத்தம். நம் வழமையில் வீடு அவருடையதன்றோ!

வரும் விடுமுறையில் தச்சரை அழைத்துப் படிப்பெட்டியைச் செய்வியுங்கள். தச்சுவேலையில் விருப்பமுள்ள மாணவர்கள் அளவெடுத்துப் படம் வரைந்து கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னே, இன்று மாலையே, கதவருகில் ஓர் ஆணியை அடித்துப் பத்திரப் பையை அதில் மாட்டுங்கள். பெட்டி செய்து முடியப் பல நாள் செல்லும். ஆணி அடிக்க ஐந்து நிமிடம் போதும்.