கீற்றுக் கொட்டகையில் புகைபோக்கி வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்குத் திருக்கனூர். வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் வெந்நீர் வைக்க, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச, நடவு ஆட்கள் வரும் நாளில் சோறாக்க விறகடுப்புதான். பின்கட்டில் கீற்றுக் கொட்டகையில் சமைக்கிறோம். புகையால் மாமியாருக்குக் கண்ணெரிச்சலும் இருமலும் விடவில்லை. புகையில்லா அடுப்பு போட்டு, கீற்றில் துளை போட்டுக் குழாயை ஏற்றி, சுற்றி ஈரச் சாக்கு கட்டினால் போதும் என்கிறார் கொத்தனார். அடுத்த வாரம் வருகிறார். அப்படிச் செய்யலாமா? மாட்டுக் கொட்டிலும் அதே கூரையில்தான் இருக்கிறது.
– ஒரு வாசகி, திருக்கனூர்

பதில்: அடுப்பைப் போடுங்கள் சகோதரி. கீற்றில் மட்டும் துளை போட விடாதீர்கள்.

ஈரச் சாக்கு கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்த சாக்கும் தீப்பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. குழாயின் உள்பக்கம் கரி படிந்துகொண்டே வரும். அது ஒரு நாள் பற்றிக்கொண்டால் குழாய் முழுக்கப் பழுத்துவிடும். ஆடிக் காற்றில் ஒரு பொறி போதும். கட்டிய மாட்டை அவிழ்க்கக்கூட நேரம் கிடைக்காது.

முதல் வழி: அடுப்பைக் கீற்றுக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். கொட்டகையிலிருந்தும் வைக்கோல் போரிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி, தகரமோ ஓடோ போட்ட சிறு சாய்ப்பு இறக்கி அதில் அடுப்பைக் கட்டுங்கள். இடமே இல்லை என்றால் இரண்டாவது வழி: குழாய் ஏறும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்றடிக்குக் கீற்றைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுங்கள். மூங்கிலும் மரச்சட்டமும் குழாயிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி இருக்க வேண்டும். கொட்டிலின் கூரையையும் தனியாகப் பிரித்து இடைவெளி விடுங்கள். முதல் வழிதான் நிம்மதி.

அடுப்பு நம் கொடியடுப்பைப் போலத்தான். கொடிக்குப் பின்னால் புகைபோக்கி சேரும். கொத்தனாரிடம் இவற்றைச் சொல்லுங்கள்:

1. களிமண்ணோடு சாணமும் உமியும் கலந்து கட்டட்டும். துளைகளை உங்கள் வீட்டுப் பானையை வைத்தே அளவெடுக்க வேண்டும். இடுக்கு இருந்தால் புகை அந்த வழியாக வந்துவிடும். கொடியில் பானை இல்லாதபோது மூடி போட்டு வையுங்கள்.

2. குழாய் நான்கு அங்குல விட்டத்தில், வளைவில்லாமல் நேராக ஏற வேண்டும். கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி நிற்கட்டும். பக்கத்தில் அதைவிட உயரமான கூரை இருந்தால் அதையும் தாண்ட வேண்டும். மழை இறங்காமல் மேலே தொப்பி வையுங்கள். தென்னை மட்டை தொங்கும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம்.

3. பி.வி.சி. குழாய் கூடவே கூடாது, உருகிவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயை அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சுட்டமண் குழாய் கிடைத்தால் நல்லது.

4. வாசலிலிருந்து வீசும் காற்று அடுப்பின் வாய்க்குள் நேராகப் புகக்கூடாது. எதிர்ச்சுவரில் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

கட்டியவுடன் எரிக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் நிழலில் காயட்டும். பிறகு இரண்டு மூன்று நாள் சிறு தீ மட்டும். முதல் நாள், எரியும் காகிதத்தை அடுப்பின் வாயில் காட்டுங்கள். சுடர் உள்பக்கம் இழுத்தால் அடுப்பு சரி. வெளியே திரும்பினால் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டாம்.

பலரும் தவறவிடுவது இதற்குப் பிறகுதான். மத்திய அரசின் தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1980-களில் தொடங்கி 2002 வரை நடந்தது. நாடெங்கும் கோடிக்கணக்கில் அடுப்புகள் போட்டார்கள். பராமரிப்பில்லாமல் வீணானவை ஏராளம். ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்த ஆய்வும் இதையே சொன்னது. முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை என்பதே காரணம்.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் வீட்டுக்கு வரும் நாளெல்லாம் குழாய் துடைக்கும் நாள். அடுப்பு ஆறிய பிறகு, நீள மூங்கிலில் தேங்காய் நாரைக் கட்டி மேலிருந்து கீழே இழுத்துவிட்டால் கரி கொட்டிவிடும். வெடிப்பு கண்டால் அன்றைக்கே களிமண் பூசுங்கள்.

சவுக்கை விறகைப் பிளந்து நன்றாகக் காயவைத்து எரியுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன்பே ஒரு மாத விறகை நனையாத இடத்தில் அடுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பை, பெயின்ட் அடித்த பலகை, பழைய மெத்தைப் பஞ்சு எதையும் அடுப்பில் போடாதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். சாம்பலை மூடியுள்ள தகர டின்னில் போட்டு, மறுநாள் நீர் தெளித்த பிறகே குப்பைக்குழிக்குக் கொண்டுபோங்கள். கேஸ் சிலிண்டர் இந்தப் பக்கமே வேண்டாம். அது சுவருக்கு அப்பால் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையேறியதே, அதுபோன்ற மழை நாளில் குளிருக்காகக் கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துப் படுக்காதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

தீக்காயம் பட்டால் இருபது நிமிடம் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். தீ பரவினால் 101.

மாமியாரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீண்ட நாள் புகை நுரையீரலைப் பாதிக்கும். கண்ணில் புரை விழவும் காரணமாகும். வெறும் அடுப்பு இருமல் என்று விட்டுவிட வேண்டாம். அதுவரை அடுப்பு வேலையை வீட்டில் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளட்டும், ஆண்களும்தான்.