குடை பிடித்ததால்தான் நனையவில்லை

புனேயில் பொட்டி தட்டுகிறவனுக்கு அமெரிக்கச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் இங்கே நான் பழகும் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருத்தர் நியூஜெர்சியிலோ டல்லாஸிலோ இருக்கிறார். அங்கே கறுப்பர்களின் உரிமைச் சட்டங்களை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றுகிறார்கள் என்றால், "அது அவங்க பிரச்சினை, நம்ம பசங்க படிச்சுப் போனவங்க" என்கிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

1965 ஆகஸ்டில் வந்தது வாக்குரிமைச் சட்டம். கறுப்பர்களை ஓட்டுப் போடவிடாமல் தடுத்துவந்த அலபாமா, மிசிசிப்பி போன்ற மாநிலங்கள், தேர்தல் விதியில் எதை மாற்றினாலும் வாஷிங்டனில் முன் அனுமதி வாங்க வேண்டும். இதுதான் அதன் முதுகெலும்பு. 2006-ல் செனட் இதை 98-க்கு 0 என்று நீட்டித்தது. ஒருத்தர்கூட எதிர்க்கவில்லை!

ஏழே வருடம். 2013-ல் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், எந்தெந்த மாநிலங்களுக்கு முன் அனுமதி தேவை என்று சொல்லும் பிரிவை 5-க்கு 4 என்று ரத்து செய்தது. கணக்கு பழசாம், காலம் மாறிவிட்டதாம். முன் அனுமதி விதி மட்டும் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, யாரையும் கட்டுப்படுத்தாமல். நனையவில்லையே என்று கொட்டுகிற மழையில் குடையை வீசுவது போல இது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் நீதிபதி கின்ஸ்பர்க்.

மழை உடனே வந்தது. வடகரோலினா அதே வருடம் போட்ட தேர்தல் சட்டம் கறுப்பர்களைக் குறிவைத்தது என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அதற்குள் 2014 தேர்தலே முடிந்துவிட்டது. முன்பு வரும்முன் தடுத்தார்கள். இப்போது வந்தபின் வழக்குப் போட வேண்டும்.

அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 1965-ம் வருட ஜான்சன் ஆணையையும் 2025 ஜனவரியில் ட்ரம்ப் ரத்து செய்தார். சட்டம் நிறம் பார்க்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமூகம் நிறம் பார்க்கும்போது சட்டம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் யாருக்கு லாபம்?

சரி, நமக்கென்ன? அதே 1965 அக்டோபரில்தான், பிறந்த நாட்டை வைத்து ஆளை ஒதுக்கக்கூடாது என்று குடியேற்றச் சட்டமும் மாறியது. அந்தப் போராட்டம் எழுப்பிய அதே அலைதான். அதுவரை இந்தியாவுக்கு ஒதுக்கீடு எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 100 பேர். நம்ம பசங்க மார்க் எவ்வளவு வாங்கியிருந்தாலும், மொத்த இந்தியாவுக்கும் அந்த நூறுதான்.