விடுமுறைக் கிழமையும் வீட்டுக் கணக்கும்

தசரா விடுமுறை நெருங்கும்போதே நம் போன்ற பெற்றோர் உள்ளத்தில் மூன்று எண்ணங்கள் தோன்றிவிடுகின்றன. மக்களோடு மனம்விட்டுப் பழக வேண்டும். இயன்ற அளவு பிறர்க்கு ஈய வேண்டும். ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்து கனத்துப்போன உடலைச் சற்றேனும் வருத்த வேண்டும். விடுமுறை முடியுங்கால் மூன்றும் அரைகுறையாய் நிற்பதும் நாம் அறிந்ததே. இவ்வாண்டு ராமாபுரத்தில் நம் இல்லத்தில் அக்கிழமை கழிந்த விதத்தை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். பெருமைக்காக அன்று; நாம் கண்ட பிழை பிற இல்லங்களிலும் இருக்கக்கூடும் என்பதற்காகவே.

செய்தி சென்ற ஆண்டுத் தசராவில் தொடங்குகிறது. ஈகை என்பதை மக்கள் கண்ணாரக் காணட்டும் என்று கருதி, இருவரையும் ஒரு குருதிக்கொடை முகாமுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். நம் இரத்த அழுத்தத்தைப் பார்த்த செவிலியர் சிறிது பொறுத்து மீண்டும் ஒருமுறை பார்த்தார். மேல் அளவு 140க்கும் கீழ் அளவு 90க்கும் மேற்பட்டால் குருதி பெறலாகாது என்பது விதி. நம்முடையது 150, 96 என்று நின்றது. "ஐயா, இன்று எடுப்பதற்கில்லை, ஒரு மருத்துவரைப் பாருங்கள்" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் இளையவள், "அப்பா, உங்கள் இரத்தம் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டாள். விடை கூற நமக்கு நா எழவில்லை. கொடுக்க மனம் இருந்தால் போதும் என்றிருந்த நமக்கு, கொடுக்கத்தக்க உடலும் வேண்டும் என்பது அன்றுதான் விளங்கிற்று.

எத்தனையோ அறங்கள் இருக்கக் குருதிக்கொடையை ஏன் பற்றிக்கொண்டோம் என்று அன்பர்கள் கேட்கலாம். சொந்த ஊரில் ஒருவர்க்கு அறுவை மருத்துவம் என்றால் மாமனும் மைத்துனனும் ஓடிவந்து நிற்பர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அந்தச் சுற்றம் அருகில் இல்லை. நம் வீட்டிற் பிரசவம் சிக்கலானால், முகமறியாத கன்னடச் சகோதரர் ஒருவர் என்றோ கொடுத்த குருதியே உயிர் காக்கும். அக்கடனை நாமும் அவ்வழியிலேயே தீர்க்க வேண்டும்.

மேலும், இது விலைக்கு வாங்கும் பொருளன்று. முன்னாளில் நம் நாட்டில் பணம் பெற்றுக் குருதி கொடுப்போர் இருந்தனர். உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக, 1998 ஜனவரி முதல் நாள் தொட்டு அம்முறை தடை செய்யப்பட்டது. கொடுத்ததை நெடுநாள் சேமித்து வைக்கவும் இயலாது. முழுக் குருதி வழக்கமான பாதுகாப்பில் 35 நாள் நிற்கும். டெங்கு போன்ற காய்ச்சல்களில் சிலருக்குத் தேவைப்படும் தட்டணுக்களோ 5 நாளே நிற்கும். விடுமுறை வந்தால் கல்லூரிகள் மூடப்படுகின்றன; கொடுக்கும் இளைஞர் ஊருக்குப் போய்விடுகின்றனர். நோய்க்கும் விபத்துக்கும் விடுமுறை ஏது? ஆதலால் ஊரார் விழாக் கொண்டாடும் நாட்களிலேதான் குருதிக்குத் தட்டுப்பாடு நேர்கிறது.

ஆகவே ஓராண்டு நோன்பாக நம் உடலைத் திருத்த முற்பட்டோம். மருத்துவர் பலமுறை சோதித்தபின், முதலில் பழக்கங்களை மாற்றிப் பார்க்கலாம் என்றார். வாரத்திற்கு 150 நிமிடமேனும் உடலுழைப்பு வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு அரைமணி நேரம், விடியுமுன் விரைந்து நடந்தோம். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு என்பதும் அவர்கள் வகுத்த அளவே. ஊறுகாயும் அப்பளமும் நம் இலையைவிட்டு அகன்றன. பிரிவு கடினமாகவே இருந்தது.

இவ்வாண்டு விடுமுறையின் முதல் இரு நாட்கள் கொலுப்படி கட்டுவதிலும் பொம்மை துடைப்பதிலும் கழிந்தன. அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்திலும் பொம்மைப் பண்டிகை உண்டாதலால், பிள்ளைகள் இரு வீட்டுக்கும் மாறி மாறி ஓடினர். அவர்களுக்குக் குருதி கொடுக்கும் வயது 18 வரையில் வாராது. ஆதலின் தம் ஈகையாகச் சுண்டலில் முதற்பங்கைத் தெருக்கூட்டும் தொழிலாளர்க்குக் கொண்டுபோய்க் கொடுத்தனர்.

மூன்றாம் நாள் மைசூருக்குச் சென்று சாமுண்டி மலையைப் படிவழியே ஏறினோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட அப்படிகளையும், வழியில் ஒரே கல்லிற் செதுக்கப்பட்ட பெரிய நந்தியையும் அமைத்தவர், 1659 முதல் 1673 வரை ஆண்ட தொட்ட தேவராஜ உடையார் என்பர். மூத்தவன் படிகளை எண்ணிக்கொண்டே வந்து, ஏறக்குறைய எழுநூற்றில் நந்தியைக் கண்டதும் கணக்கை மறந்தான். அவ்விடத்தே அமர்ந்து, கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றை உண்டோம். பள்ளியிலே தன்னைச் சிலர் கேலி செய்வதை அவன் நம்மிடம் முதன்முதலாகச் சொன்னது அங்கேதான். ஆண்டு முழுவதும் வீட்டில் கேட்டும் வாராத பேச்சு, மூச்சு வாங்கிய வேளையில் தானே வந்தது.

ஐந்தாம் நாள் குடும்பத்தோடு முகாமுக்குப் போனோம். குருதி கொடுத்த அன்று கடும் உழைப்பு ஆகாது என்பதால் மலையேற்றத்தை முன்னரே முடித்திருந்தோம். இம்முறை நம் அழுத்தம் 128, 82. இளையவள் கைதட்டினாள். 350 மில்லி கொடுத்துவிட்டு, சற்றே செருக்கோடு எழுந்தோம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

"நானும் கொடுக்கிறேனே" என்று நம் துணைவியார் கை நீட்டினார். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் சோதித்தனர். 100 மில்லி குருதியில் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின் 12.5 கிராமேனும் இருத்தல் வேண்டும். அவருக்கு இருந்தது 10.6. இவ்வாண்டு திருப்பி அனுப்பப்பட்டவர் அவர்.

அன்பர்களே, அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நாம் விடியுமுன் நடக்கச் செல்ல, அதற்கும் முன்னே எழுந்து காப்பி கலந்தவர் அவர். நமக்கென உப்பில்லாக் கறியும் பிள்ளைகட்குத் தனிக் குழம்பும் சமைத்து, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டவரும் அவரே. நம் ஒருவர் உடலைத் திருத்துவதையே குடும்பத்தின் உடல்நலம் என்று எண்ணிவிட்டோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் சோகையுடையோர். அத்தொகையில் ஒருவர் நம் அடுக்களையிலேயே இருந்ததை நாம் காணவில்லை.

விடுமுறையின் எஞ்சிய இரு நாட்களில் மூன்று ஏற்பாடுகள் செய்தோம். மருத்துவரைக் கண்டு, சோதனை முடித்து, அவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் துணைவியார் தொடங்கினார். உணவோடு காப்பி பருகினால் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும் என்பதால் காப்பி வேளை மாறியது; முருங்கைக்கீரையும் பயறும் எலுமிச்சையும் உணவில் இடம் பெற்றன. மூன்றாவது, இனி நால்வரும் ஒரே பந்தியில் அமர்வது, பரிமாறுவது முறைவைத்து. முதல்நாள் நாம் பரிமாறியபோது சாம்பார் தரையிலும் சிந்தியது. காலை நடைக்கும் இருவராகவே செல்கின்றோம்.

அன்பர்கள் தத்தம் இல்லத்திலும், அம்மையார் எப்போது உண்கிறார், என்ன உண்கிறார் என்று ஒருநாள் உடனிருந்து பார்க்குமாறு வேண்டுகின்றோம். அடுத்த தசராவில் நம் துணைவியாரின் அளவு 12.5ஐ எட்டிற்றா என்பதை இப்பகுதியிலேயே தெரிவிப்போம். எட்டாவிடினும் தெரிவிப்போம்.