குறத்தி சொன்னால் குறி! ஜோசியர் சொன்னால் சாஸ்திரமா?

ஆங்கிலத்தில் "ஸூத்ஸேயர்" என்று ஒரு பழைய சொல் உண்டு. இன்று இங்கிலாந்திலேயே அது சாதாரணப் பேச்சில் வழங்குவதில்லை. பழைய நாடகங்களையும், பைபிளின் பழைய மொழிபெயர்ப்பையும் படிக்கிறவர்களுக்கே அது தெரியும். மார்ச்சு 15-ந் தேதி ஜாக்கிரதை என்று ஜூலியஸ் சீசரை எச்சரிக்கிறவனுக்கு ஷேக்ஸ்பியர் கொடுத்த பெயர் இதுதான். "ஸூத்" என்றால் உண்மை. "ஸேயர்" என்றால் சொல்லுகிறவன். ஆதியில் உண்மை பேசும் எவனுக்கும் பொருந்திய அப்பெயர், நாளடைவில் வரப்போவதைச் சொல்வதாகக் காசு வாங்குகிறவனுக்குப் போய்ச் சேர்ந்தது. "ஸூத்" என்ற சொல் வழக்கொழிந்து போயிற்று. அதை முதலாக வைத்துப் பிழைத்தவனோ இன்னும் ஒழியவில்லை.

நம் நாட்டிலோ இத்தொழிலுக்குப் பெயர்ப் பஞ்சமே கிடையாது. குறத்தி கையைப் பார்த்துச் சொன்னால் அது குறி. சாமியாடி சொன்னால் அருள்வாக்கு. பஞ்சாங்க அய்யர் கட்டம் போட்டுச் சொன்னால் சாஸ்திரம். சர்வகலாசாலையில் சொல்லிக் கொடுத்தால் விஞ்ஞானம்! பரிகாசத்திற்காக நாம் இதைச் சொல்லவில்லை. 2001-ம் வருஷத்தில் பல்கலைக்கழக மானியக் குழு "ஜோதிர் விஞ்ஞானம்" என்று பெயர் வைத்தே பாடம் நடத்தத் திட்டமிட்டது. அதை எதிர்த்துச் சென்றவர்களின் வழக்கை 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. சரக்கு ஒன்றே, விற்கிறவன் யார் என்பதைப் பொறுத்தே அதற்குப் பெயரும் மரியாதையும் ஏறுகிறது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

குறி என்றதும் தமிழருக்கு நினைவு வருவது குற்றாலமாகும். திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியைப் பண்டிதர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாமும் அதன் தமிழைக் குறை சொல்லவில்லை. ஆனால் கதையைச் சற்றுக் கவனியுங்கள். வசந்தவல்லி என்ற பெண் உலாவந்த குற்றாலநாதர்மீது ஆசை கொண்டு மயங்குகிறாள்; நிலவை ஏசுகிறாள்; தோழியைத் தூதும் அனுப்புகிறாள். இவ்வளவும் ஆன பிறகு சிங்கி என்ற குறத்தி வந்து, அவள் கையைப் பார்த்து, "உனக்குக் காதல் நோய், ஆள் குற்றாலநாதர்" என்கிறாள்! தோழிமார் எல்லோரும் அறிந்ததைச் சொல்லக் கைரேகை எதற்கு? முகத்தைப் பார்த்தால் போதாதா? சிங்கிக்கு மட்டும் வெகுமதிகள் கிடைத்தன.

இதைவிட வேடிக்கை பின்னால் வருகிறது. சிங்கியைக் காணாமல் அவள் புருஷன் சிங்கன் தேடித் தேடி அலைகிறான். அடுத்தவர் மனத்திலிருப்பதைச் சொல்லும் குறி, சொந்தப் பெண்சாதி எந்தத் தெருவில் நிற்கிறாள் என்று சொல்ல உதவவில்லை! கவிராயர் நம் கட்சிக்காரர் அல்லர், பரம பக்தர். ஆயினும் உள்ளது வெளியே வந்துவிட்டது.

நிற்க. ஏட்டிலுள்ள குறத்திக்கு இவ்வளவு மரியாதை செய்த நாட்டில், வீதியில் நடந்த குறத்திக்குக் கிடைத்தது என்ன? 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் சென்னை ராஜதானியில் குறவர்களில் பல பிரிவினரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்தார்கள். சென்னை ராஜதானியில் 1947-ல்தான் அச்சட்டம் ஒழிந்தது. அதுவரையில் எந்தப் பஞ்சாங்கக்காரராவது போலீஸ் ஸ்டேஷனில் கைநாட்டு வைத்தாரா?

வெள்ளைக்காரனும் இதில் நமக்கு இளைத்தவனல்லன். எட்டாம் ஹென்றி காலத்தில், 1530-ல், கைரேகை பார்த்து ஏய்க்கிறார்கள் என்று ஜிப்சிகளை நாட்டைவிட்டு விரட்டச் சட்டம் செய்தார்கள். அவன் மகள் எலிசபெத்துக்கோ 1559-ல் முடிசூட்ட நாள் குறித்துக் கொடுத்தவர் ஜான் டீ என்ற ஜோசியர்! அப்பன் விரட்டியது ஏழை ரேகைக்காரியை. மகள் அழைத்தது அரண்மனை ஜோசியரை.

2024 ஏப்ரலில் நடந்ததும் இதுதான். பார்லிமெண்டுத் தேர்தலில் கடலூர் வேட்பாளர் ஒருவர் கிளி ஜோசியம் பார்த்தார். கிளி வெற்றிச் சீட்டை எடுத்தது. உடனே வனத்துறையார் வந்து, கிளியைக் கூண்டிலடைத்த குற்றத்திற்காக ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வேட்பாளரும் தோற்றார். எஜமானுக்கு வரும் கேட்டையும் கிளி அறியவில்லை; வேட்பாளருக்கு வரும் தோல்வியையும் அறியவில்லை. பறவையை அடைப்பது குற்றம் என்பது நியாயமே. ஆனால் மனுத்தாக்கலுக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுக்கும் பெரிய ஜோசியர்களை எந்த இலாகா கேட்கிறது? அவர்களிடம் கிளி இல்லையல்லவா!

குறத்தியின் குறியை நாம் ஆதரிக்கவில்லை. அதுவும் புரட்டுதான். ஆனால் அவள் படி அரிசியும் பழஞ்சேலையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். ஜாதகமோ போவதில்லை. செவ்வாய் தோஷம் என்றும், மூல நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாதென்றும் ஒரு காகிதத்தில் எழுதிய எழுத்து, நன்றாகப் படித்த பெண்களைக்கூட வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப்போய், வழியில் கைரேகை பார்க்கிறவளைக் கண்டு சிரிக்கிற கனவான்கள், தென்காசிக்குத் திரும்பியதும் பெண்ணுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்க ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறோம். 2008-ல் புனாவில் வானநூல் விஞ்ஞானி ஜெயந்த் நர்லிகரும் அவர் கூட்டாளிகளும் ஜோசியர்களைப் பரீட்சித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளின் ஜாதகங்களையும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். 27 ஜோசியர்கள் விடை அனுப்பினார்கள். சரியானவை சராசரி நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் 50 வந்திருக்கும்!

இலங்கையில் டாக்டர் ஆபிரகாம் கோவூர், ஜாதகத்தை வைத்து ஆண் பெண்ணையும், இருப்பவர் இறந்தவரையும் பிரித்துக் காட்டுகிறவருக்கு லட்ச ரூபாய் பந்தயம் வைத்திருந்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை அதை ஒருவரும் வெல்லவில்லை. நம்மிடம் லட்ச ரூபாய் இல்லை. ஆனால் தென்காசி, குற்றாலம் வட்டாரத்திலுள்ள ஜோசியர் எவரேனும் முன்வந்தால், பெயர் நீக்கிய பத்து ஜாதகங்களைத் தருகிறோம். அவற்றில் ஐந்து இறந்துபோனவர்களுடையவையாக இருக்கும். எவை என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும். அவருடைய விடையை ஓர் எழுத்தும் மாற்றாமல் இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.